ஏர்போர்ட் செக்யூரிட்டி செக்ல நிக்கிற சார், மேடம் எல்லாருக்கும்

வணக்கம். உங்க வேலையில குத்தம் சொல்ல வரல, ஒரு நாளைக்கு எத்தனை பை பாக்குறீங்கன்னு வரிசையில நிக்கிறப்பவே தெரியுது. இந்த ஃபிலிம் ரோல் விஷயத்துல மட்டும் கொஞ்சம் காது குடுங்க.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போயிருந்தேன், அழகர் ஆத்துல இறங்குறத விடியுறதுக்கு முன்னாடியே போய் நின்னு எடுத்தேன், வெளிச்சம் பத்தாதேன்னு கோடாக் போர்ட்ரா 800ல மூணு ரோல். திரும்பி வர்ற வழியில ஒரு ஏர்போர்ட்ல, பேர் வேணாம், "கையால செக் பண்ணுங்க சார்"னு கெஞ்சுனேன். "ஒண்ணும் ஆகாது, தினம் எத்தனை கேமரா போகுது"ன்னு ட்ரேயோட தள்ளி விட்டாச்சு. கழுவி வந்த நெகட்டிவ்வ ஜன்னல்கிட்ட தூக்கிப் பாத்தா படமே இல்லாத ஓரத்துல கூட புகை படிஞ்ச மாதிரி இருக்கு. இருட்டெல்லாம் சாம்பக் கலர்ல பொரபொரன்னு, தீப்பந்தத்துக்குப் பின்னாடி நின்ன முகம் ஒண்ணு கூட மிஞ்சல.

தினம் போறது டிஜிட்டல் கேமரா சார். மெமரி கார்ட எக்ஸ்ரே ஒண்ணும் பண்ணாது, கழுவி முடிச்ச நெகட்டிவ்வயும் பண்ணாது. கழுவாத ஃபிலிம்ல இருக்கிற வெள்ளி உப்புக்குத்தான் வெளிச்சமும் எக்ஸ்ரேயும் ஒண்ணு, ரெண்டுல எது பட்டாலும் பதிஞ்சிரும். ஐஎஸ்ஓன்னா ஃபிலிம் வெளிச்சத்த எவ்ளோ சீக்கிரம் புடிக்கும்ங்கிற நம்பர், பழைய மெஷின்ல ஐஎஸ்ஓ 200, 400 எல்லாம் ரெண்டு மூணு தடவ தாங்கும், "ஃபிலிம் சேஃப்"னு ஒட்டுற ஸ்டிக்கர் அந்தக் காலத்துக் கதை. இப்ப வர்ற சிடி ஸ்கேனர், லேப்டாப்ப வெளிய எடுக்காமலே அனுப்புறோமே அது, பைய எல்லாப் பக்கமும் சுத்திச் சுத்தி எக்ஸ்ரே அடிக்குது, அதுல போகவே விடாதீங்கன்னு கோடாக்கே சொல்லுது. செக்-இன் லக்கேஜ்ல போடுங்கன்னு சில பேர் சொல்றீங்க, அங்க இருக்கிறது இன்னும் மோசம். ஈயப் பை வாங்கலாம்னா ஸ்க்ரீன்ல கறுப்புக் கட்டியா தெரியும், உடனே நிறுத்தி மறுபடி ஸ்கேன்னு சொல்வீங்க, நியாயம்தான்.

அமெரிக்காவுல ஃபிலிம கையால செக் பண்ணக் கேக்கலாம்னு அங்க ஏர்போர்ட் செக்யூரிட்டி பாக்குற டிஎஸ்ஏவே எழுதி வச்சிருக்கு. அந்த மாதிரி ஒரு வரி உங்க கவுண்டர்லயும் ஒட்டுங்க, அவ்ளோதான் கேக்குறேன். நாங்க டப்பாவ விட்டு எடுத்து, ரோல மட்டும் ஜிப்லாக் கவர்ல வெளிய தெரியுற மாதிரி கொண்டு வர்றோம், ஒரு மணி நேரம் முன்னாடியே வர்றோம், நீங்க ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க, துணியால தொடச்சு டெஸ்ட் பண்ணுங்க.

கேமரா உள்ள ரோல் இருக்குன்னு சொன்னா மட்டும் பின்பக்கத்தத் திறந்து பாக்காதீங்க. போன தடவ ஒரு மேடம் கை கிட்ட வரைக்கும் போயிட்டாங்க.