மாடியில் ஒரு தடம்

ராஜபாளையம்,
ஞாயிறு மாலை.

பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாய்க்குட்டியின் படத்தை அம்மா விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நீலக் கண், நெற்றியில் திருநீறு பூசிவிட்டதுபோல் வெள்ளை. அழகுதான், மறுக்கவில்லை. கீழே விற்பவர் எழுதியிருந்ததையும் படித்தேன். 45 நாள் ஹஸ்கிக் குட்டியாம், தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றாம், முன்பணம் கட்டினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம். "சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் அப்பா" என்று கேட்டிருந்தாய். 31 வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்தவனுக்கு ஒரு வார்த்தையில் நிறுத்த வருமா? போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 45 நாள் கணக்கு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 8 வாரம் என்றால் 56 நாள். 11 நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்பாய். கூடப் பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்ததற்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும் நாட்கள் அவை. அந்தப் பாடம் படிக்காமல் வருகிற குட்டி அதை உன் கையில்தான் படிக்கும். "தடுப்பூசி எல்லாம்" என்பதும் சுத்தப் பொய். 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி, அதன்பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போக வேண்டும். வெறிநோய்க்கு 3 மாதத்தில் தனி ஊசி. இதெல்லாம் முடிவதற்குள் பார்வோ என்கிற குடல் வைரஸ் நோய் பிடித்து, ரத்தப் பேதியாகப் போய்த் துவண்ட குட்டிகளுக்கு எத்தனையோ முறை குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறேன். பாதிக்கு மேல் பிழைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஹஸ்கி, சைபீரியப் பனியில் வண்டி இழுத்த சாதி. அதன் உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். பகல் முழுக்க ஏசி ஓடட்டும் என்கிறாய். சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் நீ சிறுசேரி அலுவலகத்தில் இருப்பாய், அது பள்ளிக்கரணையில் மூன்றாம் மாடியில் சாத்திய கதவுக்குள் இருக்கும். ஹஸ்கியைப் பற்றி இதற்கு மேல் நான் பேசுவதாக இல்லை.

"அப்படியானால் நம் ஊர் நாய்?" என்று கேட்பாய் என்று தெரியும். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்தபோது அலுவலகத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தவன் நான். அந்தப் பெருமையோடே சொல்கிறேன், அதுவும் வேண்டாம். ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. பால்வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு வளர்த்ததில், காது கேளாமல் பிறக்கிற குட்டிகளும் அந்த இனத்தில் அதிகம். மாடி வீட்டில் அதைக் கட்டிப்போடுவது நம் ஊர்ப் பெயரைக் கட்டிப்போடுவது மாதிரி.

இனம் எதுவானாலும் நான் பயப்படுவது உன் நேரத்தைக் கண்டுதான். காலை 8.15-க்குப் பூட்டினால் இரவு 8.30-க்குத்தான் திறக்கிறாய். வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்தே வேலை என்கிறாய். அந்த நாட்களிலும் மதியம் 3 மணிவரை நீ சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா புலம்புகிறாள். 2 மாதக் குட்டியால் 3 மணி நேரம்கூட மூத்திரத்தை அடக்க முடியாது. தூங்கி எழுந்தால் போகும், சாப்பிட்டால் போகும், விளையாடினால் போகும். வளர்ந்த நாய்க்கும் 8 மணி நேரம் அதிகம். உன் கணக்கோ 12 மணி நேரத்துக்கு மேல்.

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று பழமொழி சொன்னவர் மாடிவீட்டு நாயைப் பார்த்ததில்லை. அதற்கும் வேலை இல்லைதான். நிற்பதற்கு நேரம் மட்டும் கொட்டிக் கிடக்கிறது.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சித்தப்பா தோட்டத்தில் செவலை என்று ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை இருந்ததே, நினைவிருக்கிறதா? அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பம்புசெட்டைச் சுற்றி வருவாய். அது சித்தப்பா வளர்த்த நாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என் நாய்.

2002-ல் என்னை மதுரைக்கு மாற்றினார்கள். உனக்கு 4 வயது. அம்மாவின் பள்ளிக்கூட வேலையை விட முடியாது என்பதால் நீங்கள் இருவரும் இங்கேயே இருந்தீர்கள். தல்லாகுளத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் நான் மட்டும் இருந்தேன். இரவில் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தம் இருக்காது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தெரிந்தவரிடம் சொல்லி ஒரு வயதுச் செவலையைக் கொண்டுவந்தேன். ஊருக்கெல்லாம் மாடு வளர்ப்புக்கு யோசனை சொல்கிறவனுக்கு ஒரு நாயை வளர்க்கத் தெரியாதா என்று நினைப்பு.

கோமாரித் தடுப்பூசி முகாம் என்றால் மாடு மேய்ச்சலுக்குப் போவதற்குள் கிராமத்தில் இருக்க வேண்டும். 5 மணிக்கே கிளம்பிவிடுவேன். முகாம், அதன்பிறகு மருந்தகம், அதன்பிறகு பதிவேடு எழுதுவது என்று திரும்ப இரவு 8 ஆகிவிடும். பால்சோறு வைத்துவிட்டுப் போவேன். கீற்றுப் பந்தலின் நிழலும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. நாய்க்கு வேறென்ன வேண்டும்?

வீட்டுக்காரர் ஒருநாள் கூப்பிட்டார். குரைக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "உங்கள் நாய் குரைப்பதே இல்லை சார். நடந்துகொண்டே இருக்கிறது. கீழே படுத்தால் நகம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் மாடியைப் பார்த்தேன். மாடித் தளம் முழுக்கத் தூசி படிந்திருந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தூசியே இல்லை. நாலு பக்கமும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது அந்தத் தடம்.

அப்போதே அதன் இடது முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேல் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி கொட்டி, தோல் சிவந்து தடித்திருந்தது. சொறி என்று முடிவுகட்டினேன். களிம்பு போட்டேன், வேப்பெண்ணெய் தடவினேன், தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பூச்சி ஒன்றுமில்லை. இரண்டு மாதம் இப்படியே ஓடி, புண் உள்ளங்கை அகலம் ஆனது. கடைசியில் எங்கள் டாக்டரிடமே கூட்டிப்போனேன். அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள்?" என்றார். சொன்னேன். "பொழுது போகாமல் நக்கி நக்கி வந்த புண் இது. என்னிடம் இதற்கு ஊசி இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த வாரமே ஒரு சரக்கு வேனில் ஏற்றிச் சித்தப்பா தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். எலி, கீரி, காகம் என்று அதற்கு நாள் முழுக்க வேலை. புண் தானாக ஆறியது, அந்த இடத்தில் மட்டும் கடைசிவரை முடி முளைக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். ஓடி வந்து கையை மோந்தது, வாலை ஆட்டியது, பிறகு திரும்பிப் போய்ச் சித்தப்பாவின் காலடியில் படுத்துக்கொண்டது. எனக்குச் சுருக்கென்றது. அதன் மேல் தப்புச் சொல்லவும் வாய் வரவில்லை.

இரவில் கதவைத் திறந்தால் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று போன மாதம் அம்மாவிடம் சொன்னாயாம். அவள் அதைக் கல்யாணப் பேச்சுக்குத் திருப்பிவிட்டாள், அது அவள் இலாகா, நான் தலையிடுவதில்லை. எனக்கு அந்த மொட்டைமாடி அறைதான் கண்ணில் வந்தது. நீ நாய் கேட்பது தப்பே இல்லை, தாயி. நானும் அதே காரணத்துக்குத்தான் கேட்டேன். எனக்குத் துணை தேவைப்பட்ட நேரம் இரவு 8-லிருந்து 10 வரை. மீதி நேரத்துக்கு அந்த நாய்க்கு யார் துணை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வேண்டாம் என்று சொல்லி முடிக்க மனமில்லாததால் ஒன்று சொல்கிறேன். நாளையிலிருந்து 15 நாள், நாய் இல்லாமலே நாயை நடத்திப் பார். காலை 6 மணிக்கு எழுந்து 40 நிமிடம் தெருவில் நட. இரவு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் மறுபடி அரை மணி நேரம் நட. மழை பெய்தாலும் விடாதே. பள்ளிக்கரணையில் மழைத் தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும் என்பதையும் அப்போதே நினைத்துக்கொள். அதோடு, மதியம் 1 மணிக்கு வந்து கதவைத் திறந்து வெளியே கூட்டிப்போக ஓர் ஆள் கிடைக்கிறாரா என்று பார். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருப்பதாகச் சொன்னாயே, அவரைக் கேள். கூலிக்கு நடத்திப்போகிற பையன்களும் இருக்கிறார்களாம். ஆள் கிடைத்த பிறகுதான் நாய். குடியிருப்புச் சங்கம் நாயே கூடாது என்று சொல்ல முடியாது, விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் உன் பக்கம் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க ஊளை கேட்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் வழிகாட்டுதலைக் காட்டி என்ன செய்வாய்?

ஆள் கிடைத்துவிட்டால் குட்டி வேண்டாம். இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த நாட்டு நாயாகப் பார். கிண்டி வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ் விலங்குநல அமைப்பில் தத்துக் கொடுக்கிறார்கள். நாட்டு நாய்க்கு நம் வெயில் பழக்கம், வயது வந்ததற்கு ஓரளவு அடக்கவும் தெரியும். மாநகராட்சி உரிமமும், அடையாளத்துக்குத் தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப்பும் உன் பொறுப்பு. உண்ணியைப் பார்ப்பது என் பொறுப்பு. உண்ணிக் காய்ச்சலில் மூக்கில் ரத்தம் வரும்வரை கவனிக்காத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிதாக ஏதாவது என்றால் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போகலாம்.

நாய் வந்தால் முதல் 15 நாள் உன்னோடு இருக்கப் பொதிகை ரயிலில் ஏறி வந்துவிடுகிறேன். முதல் நாள் 5 நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, அடுத்த நாள் 10 நிமிடம் என்று மெல்ல மெல்லத்தான் தனிமையைப் பழக்க வேண்டும். அதற்கு வீட்டில் சும்மா இருக்கிற ஆள் வேண்டும். இப்போது நான் சும்மாதான் இருக்கிறேன். அம்மாவும் வருவாள், நாயை அடுப்படிக்குள் விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை மூன்று நாள் தாங்கும்.

ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். அந்த ஹஸ்கிக் குட்டிக்கு முன்பணம் ஏதாவது கட்டிவிட்டாயா? கட்டியிருந்தால் மறைக்காமல் சொல், திட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா