பரணில் கிடக்கும் மாண்டலின்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் மாண்டலின் பயிலும் என் போன்றோருக்குப் பழைய கருவியொன்றை வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு, அதை வைத்திருப்பவரின் பெருந்தன்மையால் மட்டுமே கிடைக்கிறது. அண்மையில் இராயபுரத்தைச் சேர்ந்த மூத்த கலைஞர் ஒருவர், தம் தந்தையார் தேவாலயத்தில் வாசித்த எட்டுத் தந்தி மாண்டலினை, முன்பணமோ எழுத்தோ கேளாமல் ஒரு மாதம் என்னிடம் கொடுத்து வைத்தார். வாசிக்காத மரம் ஊமையாகிவிடும் என்பது அவர் கட்சி. ஓரளவு மிகைதான் என்றாலும் எனக்கு அது வசதியான மிகை.

1922 முதல் 1924 வரை அமெரிக்க இசைக்கருவி நிறுவனமான கிப்சனில் ஒலியியல் வல்லுநர் லாயிட் லோர் கையொப்பமிட்ட எஃப்-5 வகை மாண்டலின்கள் இன்று வீட்டு விலைக்கு விற்கின்றன. அவற்றைக்கூடச் சக கலைஞரின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. மின் மாண்டலினில் கருநாடக இசையை நிலைநாட்டிய யூ. ஸ்ரீனிவாஸ் 2014-இல் மறைந்த பின்னும் இங்கே மாணவர்கள் இருக்கிறார்கள். கருவிகள்தாம் பரணில் கிடந்து, கடற்காற்றின் ஈரத்தில் பசை விட்டு, தந்தி துருப்பிடிக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் மாணவர்களுக்கு இரவல் தர முன்வர வேண்டும். இரவல் பெறுவோரும், குடம்போன்ற முதுகுடைய பழைய மாண்டலின்களில் தடித்த தந்திகளைப் பூட்டி மேற்பலகையை அமிழ்த்திவிடாமல், மெல்லிய தந்திகளையே பயன்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.