கோடிட்ட இடத்தில் டாங்ரா

பண்பாட்டு மாற்றத்தை அளக்கும் உளவியல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் ஆய்வாளன் இல்லை, டொரொண்டோ ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு தமிழன். ஹக்கா என்பது சீனர்களில் ஒரு பிரிவு, அவர்கள் பேசும் மொழிக்கும் அதே பெயர். பக்கத்து ஹக்கா கடைக்குச் சில்லி சிக்கன் சாப்பிடப் போன இடத்தில் உங்கள் வான்கூவர் அளவுகோல் கையில் சிக்கியது. குடியேறியவர்கள் பூர்வீகப் பண்பாட்டோடும் புதுநாட்டுப் பண்பாட்டோடும் எவ்வளவு ஒட்டியிருக்கிறார்கள் என்று மதிப்பெண் போடும் கேள்வித்தாள் அது. கடைக்கார ஆன்ட்டியின் பேத்தி கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்தாள். ஆன்ட்டிக்கு மூக்குக் கண்ணாடி அகப்படவில்லை. நான் வாசித்தேன், அவர் பதில் சொன்னார்.

முதல் வரியிலேயே சிக்கல். பூர்வீகப் பண்பாடு எது என்று கேட்டுக் கோடு போட்டிருக்கிறீர்கள். பல இருந்தால், அதிகம் பாதித்த ஒன்றை மட்டும் எழுதச் சொல்கிறீர்கள்.

ஆன்ட்டி பிறந்தது கொல்கத்தாவில் சீனர்கள் குடியிருக்கும் டாங்ராவில். தாத்தா தென்சீனாவில் குவாங்டாங்கின் மெய்ஷியன் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிட்டவர். வீட்டில் ஹக்கா, தெருவில் வங்காளமும் இந்தியும். அங்கே சீனர்கள் கும்பிடும் காளி கோயில் உண்டு, நூடுல்ஸ்தான் பிரசாதம். "கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிறேனே, அது சீனாவா கனடாவா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நீங்கள் ஒன்றுமே யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1987-இல் ரிச்சர்ட் ஸுயின் குழுவினர் தந்த அளவுகோலில் 21 கேள்விகள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஒரு முனையில் ஆசியா, மறுமுனையில் மேற்கு. இந்தப் பக்கம் ஓரடி வைத்தால் அந்தப் பக்கம் ஓரடி விலகியதாகக் கணக்கு. 2000-இல் வந்த வான்கூவர் அளவுகோல் இரண்டையும் பிரித்து, பூர்வீகத்துக்குப் பத்து, புதுநாட்டுக்குப் பத்து என்று தனித்தனியாகக் கேட்டது. அதே ஆண்டு ஜீன் சாய் குழுவினரும், அமெரிக்காவில் பிறந்த சீன மாணவர்களிடம் சீனத்தன்மை கூடினால் அமெரிக்கத்தன்மை குறைவதில்லை என்று காட்டினார்கள். குடியேறி வந்த மாணவர்களிடம்தான் ஒன்று ஏற மற்றது இறங்கியது. சரி, நல்ல முன்னேற்றம். ஆனால் இரண்டோடு நின்றுவிட்டீர்கள்.

மலேசியாவின் மலாக்காவில் தலைமுறைகளாக வாழும் சீன வம்சாவளி பாபா-நோன்யா குடும்பங்களைப் பாருங்கள். வீட்டில் மலாய், பெண்கள் உடுப்பது கெபாயா என்ற மலாய் மேற்சட்டை, ஆனால் முன்னோர் பீடத்தில் ஊதுபத்தி. மொழியை வைத்து அளந்தால் சீனம் போய்விட்டது, சடங்கை வைத்து அளந்தால் அப்படியே இருக்கிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருகிற ஆள் மலாக்காவில் எந்த வீட்டிலும் இல்லை.

இன்னொன்று. 1962 இந்திய-சீனப் போரின்போது இந்தியா சுமார் 3,000 சீன வம்சாவளியினரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது. அந்தப் பயத்தில் வளர்ந்த ஒருவர், பூர்வீகச் சடங்குகளில் கலந்துகொள்வதில்லை என்று குறித்தால் அதைப் பண்பாட்டு மாற்றம் என்று எழுதுவீர்களா? ஒளித்துவைத்ததும் மறந்துபோனதும் உங்கள் தாளில் ஒரே மதிப்பெண்தான் வாங்கும்.

அதனால் இன்னொரு கோடு போடுங்கள். குடும்பம் எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று கேளுங்கள். "சீன மொழி" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். ஹக்கா பேசுகிற எல்லாருக்கும் மாண்டரின் வராது. எந்தச் சடங்கை எப்போது விட்டார்கள் என்பதோடு ஏன் விட்டார்கள் என்றும் கேளுங்கள். படிவம் ஒரு பக்கம் நீளட்டும், பரவாயில்லை. அந்த ஒரு கேள்விக்கே ஆன்ட்டி எனக்கு இரண்டு டீ கொடுத்துப் பேசினார்.

கடைசியில் கோடிட்ட இடத்தில் "டாங்ரா" என்று எழுதச் சொன்னார், எழுதினேன். பேத்தி படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உங்கள் கணினியில் டாங்ராவை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?

இப்படிக்கு,
ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாடிக்கையாளன்