சோஹாக் மடாலயங்களைப் பற்றி

அன்புள்ள ராமநாதன்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எனக்கும் மகிழ்ச்சி. கண் அறுவைச் சிகிச்சையை மட்டும் இனியும் தள்ளிப்போடாதே.

எகிப்து போய் வந்தேன். எல்லோரும் பிரமிடுகளையே விசாரிக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டும் என்றிருப்பது சோஹாக் நகருக்கு அருகிலுள்ள சிவப்பு மடாலயத்தைப் பற்றி. அதன் தேவாலயம் ஐந்தாம் நூற்றாண்டில் சுட்ட செங்கல்லால் எழுப்பியது. மூன்று பக்கமும் அரைவட்டமாக வளையும் கருவறையில் சுவர், தூண், மாடம் எதையும் விடாமல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அத்தனையும் பல நூற்றாண்டுப் புகைக்கரிக்குள் மறைந்து கிடந்தது. 2003 வாக்கில் கலை வரலாற்றாசிரியர் எலிசபெத் போல்மன் தலைமையில் இத்தாலிய வல்லுநர்கள் துப்புரவைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்த வேலை. இன்று வடக்கு வளைவில் மரியாள் குழந்தைக்குப் பாலூட்டுவதைக் கண்குளிரப் பார்க்கலாம். அங்கே வழிபாடும் நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது.

சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வெள்ளை மடாலயம் வேறு கதை. ஷெனூட்டே என்ற துறவி தலைமையேற்றிருந்த இடம்; எகிப்தியக் கிறித்தவர்களின் பழைய மொழியான காப்டிக்கில் அவரளவு எழுதியவர்கள் குறைவு. அங்கிருந்த பெரிய நூலகத்தின் தோல் ஏடுகள், குறிப்பாகப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், கட்டுக் கட்டாகவும் தனித்தனியாகவும் ஐரோப்பாவுக்குப் போய்விட்டன. ஒரே நூலின் ஒரு பக்கம் பாரிசில், அடுத்தது நேப்பிள்சில், இன்னொன்று வியன்னாவில்! ஸ்டீபன் எம்மல் என்ற அறிஞர் பக்க எண்களையும் கையெழுத்தையும் ஒப்பிட்டு, எந்த ஏடு எந்தச் சுவடியைச் சேர்ந்தது என்று வரிசைப்படுத்தினார். அதன் பிறகே ஷெனூட்டேயின் எழுத்து ஒழுங்கான வடிவத்தில் படிக்கக் கிடைத்தது.

அந்த ஐரோப்பிய நூலகங்கள் ஏடுகளை அழியாமல் காத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு நூலை ஊர் ஊராகப் பிய்த்து வைத்ததைக் காப்பாற்றியது என்று முழு மனதோடு சொல்ல முடியவில்லை. ஏடுகளை மடாலயத்துக்கே திருப்பித் தர வேண்டுமா, நல்ல நிழற்படப் பிரதிகள் போதுமா? வாழ்நாள் முழுவதும் நூலகத்தில் வேலை பார்த்தவன் நீ. உன் கருத்தை விரிவாக எழுது.

அன்புடன்,
கதிரேசன்