எந்த ஐந்தாவது சிம்பொனி?

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்கு எந்த ஒலிப்பதிவு மிகச் சிறந்ததோ அதை மட்டும் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தாய். ஒரே ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றால், கார்லோஸ் க்ளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு 1974-இல் பதிவுசெய்ததைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் அந்த ஒன்றோடு நீ நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய காதுக்கு, பீத்தோவன் எழுதிவைத்தது எது, இசை நடத்துநர் தாமாக முடிவுசெய்தது எது என்று பிரித்தறிய வழியே இல்லை. இரண்டாவது பதிவைக் கேட்கும்போதுதான் முதலாவதில் என்ன நடந்தது என்பதே புலப்படத் தொடங்கும்.

ஒப்பிட்டுக் கேட்பதற்கு முழுச் சிம்பொனியையும் அடுத்தடுத்து ஓட விட வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால் காது களைத்துப்போய், கடைசியில் கேட்டது எதுவானாலும் சலிப்பாகத்தான் தோன்றும். ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்துகொண்டு, இசைக்குறிப்பு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் கேள். எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று குறுகிய சுரங்கள், ஒரு நீண்ட சுரம். பிறகு அதுவே சற்றுக் கீழிறங்கி மறுபடியும் வருகிறது. இரண்டு நீண்ட சுரங்களின் மேலும் நிறுத்தக் குறி, அதாவது சுரத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி, இருக்கிறது. ஆனால் இரண்டாவதற்குப் பீத்தோவன் ஏட்டில் ஒரு தாளக் கட்டம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அந்த வித்தியாசம் உன் காதில் விழுகிறதா, அல்லது இரண்டும் ஒரே நீளத்தில் கடந்துபோகின்றனவா என்று பார். முதல் பத்து நொடிகளிலேயே அந்த நடத்துநர் ஏட்டை எப்படிப் படிக்கிறார் என்பது பெருமளவு தெரிந்துவிடும்.

இதைவிட எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று அதே முதல் பகுதியில் உண்டு. இரண்டாவது கருப்பொருளுக்கு, அதாவது இரண்டாவது முக்கிய மெட்டுக்கு, முன்பு ஹார்ன்கள் என்ற பித்தளை ஊதுவாத்தியங்கள் உரக்க ஓர் அழைப்பு விடுக்கும். பின்பாதியில் அதே அழைப்பு வேறு சுருதியில் திரும்ப வரும்போது பீத்தோவன் அதைப் பசூன்கள் என்ற மர ஊதுவாத்தியங்களிடம் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்து ஹார்னில், அழுத்திச் சுரத்தை மாற்ற உதவும் வால்வு கிடையாது. முன்பு ஊதிய அதே ஹார்னால் புதிய சுருதியில் அந்தச் சுரங்களைத் தெளிவாக ஊத முடியாது. வால்வு வந்த பிறகு, பீத்தோவனிடம் இந்த வசதி இருந்திருந்தால் ஹார்னுக்கே எழுதியிருப்பார் என்று கருதிய நடத்துநர்கள் பலர் அதை ஹார்னுக்கே மாற்றிக்கொண்டார்கள். ராஜர் நாரிங்டன், ஜான் எலியட் கார்டினர் போன்று பழைய வகை வாத்தியங்களைக் கொண்டு வாசிக்க வைத்தவர்களிடம் அது பசூனாகவே ஒலிக்கும். பசூனின் கரகரப்பில் அந்த அழைப்பு சற்று எளியதாகவும் முரடாகவும் கேட்கிறது. அதுவே சரி என்று நான் நினைக்கிறேன். திரும்பி வருவது முன்பு போலவே இருக்கக் கூடாது.

அடுத்தது, நடத்துநரின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதே, ஆண்டைப் பார். வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லரின் ஐந்தாவது என்று சொன்னால் 1926, 1937, 1943, 1947, 1954 என்று பல பதிவுகள் உண்டு. 1947 மே மாதத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் மீது விதிக்கப்பட்டிருந்த தடை நீங்கி, பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கிற்கு அவர் திரும்பி வந்தபோது மேடையில் பதிவானதற்கும், 1954-இல் வியன்னாவில் பார்வையாளர் இன்றிப் பதிவுசெய்ததற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. இணையத்தில் எல்லாமே கிடைக்கிறதே, இசைத்தட்டுகளை ஏன் சேர்த்து வைக்கிறீர்கள் என்று நீ முன்பொரு முறை கேட்டாய். அங்கே பல சமயம் மறுபதிப்பு வெளியான ஆண்டுதான் பதிவின் ஆண்டு போலப் போடப்பட்டிருக்கும். எந்த இசைக்குழு, எந்த அரங்கு, எந்த நாள் என்பதை உறையின் பின்பக்கம்தான் எனக்குச் சொல்லித் தருகிறது.

ஓட்ட நேரத்தை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. இறுதிப் பகுதியின் முதற்பிரிவை மறுபடியும் வாசிக்கச் சொல்லி ஏட்டில் குறி இருக்கிறது. அதைப் பின்பற்றினால் ஏறத்தாழ 2 நிமிடம் கூடும், பலர் விட்டுவிடுவார்கள். இது தெரியாமல் ஒருவரை வேகமானவர் என்றும் மற்றவரை மந்தமானவர் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. அதேபோல் இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் முதலில் சமப்படுத்திக்கொள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் உயிர்ப்புள்ளதாகத் தோன்றி நம்மை ஏமாற்றும்.

பழைய பதிவுகளின் இரைச்சலுக்குப் பயப்படாதே. 1913-இல் ஆர்த்தர் நிக்கிஷ் பெர்லின் குழுவோடு இதே சிம்பொனியைப் பதிவுசெய்தபோது மைக்ரோஃபோன் வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. ஒலியைத் திரட்டிப் பதிவுக் கருவிக்குக் கடத்தும் புனல் வடிவக் குழாய் ஒன்றின் முன்னால் நெருங்கி உட்கார்ந்து வாசித்தார்கள். மைக்ரோஃபோனைக் கொண்டு செய்யும் மின்முறைப் பதிவு 1925-இல்தான் பரவத் தொடங்கியது. நிக்கிஷின் தட்டில் அடித்தளச் சுரங்கள் மங்கலாகத்தான் கேட்கும். ஆனால் வேகத்தை அவர் எவ்வளவு தாராளமாக இழுத்தும் தளர்த்தியும் போகிறார் என்பது நன்றாகவே கேட்கும். அந்த ஒன்றுக்காகவே நான் அதை வைத்திருக்கிறேன்.

ஒரே மனிதர் தம்மோடு தாமே மாறுபடுவதைக் கேட்க விரும்பினால், குஸ்டாவ் மாலர் என்ற இசையமைப்பாளரின் ஒன்பதாவது சிம்பொனியை ப்ரூனோ வால்டர் நடத்திய இரண்டு பதிவுகளையும் கேள். 1912-இல் அதை முதன்முதலில் அரங்கேற்றியவரும் அவரே. 1938 ஜனவரி 16 அன்று வியன்னாவில் மேடையில் பதிவானது ஒன்று. இரண்டே மாதத்தில் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டது, போர் முடியும்வரை வால்டரால் அங்கே திரும்ப முடியவில்லை. மற்றொன்று 1961-இல், 84 வயதில், அமெரிக்காவில் செய்தது. முன்னது சுமார் 70 நிமிடம், பின்னது 80 நிமிடம் அளவில் ஓடும். முதுமையால் வேகம் குறைந்தது என்று சொல்லிவிடுவது எளிது. என் காதுக்கு அப்படிப் படவில்லை. 1961-இல் ஒவ்வொரு வாத்தியமும் பேசி முடிக்கும்வரை அவர் பொறுத்திருக்கிறார்; 1938-இல் யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கு 1938-தான் வேண்டும்.

க்ளைபர், 1947 ஃபுர்ட்வெங்லர், கார்டினர், இந்த இரண்டு வால்டர் ஆகியவற்றை உனக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன். அடுத்த முறை வருபவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ப்ரூக்னர் என்ற இசையமைப்பாளரின் எட்டாவது சிம்பொனியை மட்டும் அவசரப்பட்டு வாங்காதே. அதற்கு 1887, 1890 என்று இரண்டு வடிவங்கள் உண்டு. போதாக்குறைக்கு ஹாஸ் என்ற பதிப்பாசிரியர் இரண்டையும் கலந்து 1939-இல் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். உறையில் எந்தப் பதிப்பு என்று குறிப்பிட்டிருந்தால் அதை எனக்கு எழுதி அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா