முதல் வாடிக்கையாளர் உள்ளூரிலேயே இருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனத்தில் சேராமல் தனித்தனி வேலைகளை எடுத்துச் செய்யும் இணையவழி ஃப்ரீலான்ஸ் பணியில் இறங்கும் நம் இளைஞர்கள் பலர், தொழிலை நன்றாகக் கற்ற பிறகும் முதல் வாடிக்கையாளர் அமையாமல் சோர்ந்து விலகிவிடுவதை, கரூரில் வலைத்தள வடிவமைப்புப் பணி செய்துவரும் நான் வருத்தத்துடன் பார்த்துவருகிறேன்.

இத்தகைய வேலைகளைத் தேடித்தரும் அப்வொர்க் இணையதளத்தில் விண்ணப்பிக்கவே 'கனெக்ட்ஸ்' எனப்படும் டோக்கன்களைச் செலவழிக்க வேண்டும். அதேபோன்ற ஃபைவர் தளமோ வருமானத்தில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மதிப்புரை ஒன்றுகூட இல்லாத புதியவர், பல ஆண்டு அனுபவசாலிகளோடு அங்கே போட்டியிட வேண்டியிருப்பதால், ஒரே விண்ணப்பத்தை எல்லோருக்கும் அனுப்பிப் பார்க்கிறார். பிறகு கூலியைக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைக்கிறார். இவ்விரண்டாலும் பயனில்லை. வேலை தருபவரின் தேவையை ஊன்றிப் படித்து, அதற்குப் பொருத்தமான மாதிரி ஒன்றை இணைத்து, சில வரிகளில் எழுதப்படும் விண்ணப்பத்துக்கே பெரும்பாலும் பதில் வருகிறது.

அத்தகைய மாதிரியை உருவாக்க உள்ளூரே போதும். கரூர் வீட்டு உபயோக ஜவுளி, திருப்பூர் பின்னலாடை, சிவகாசி அச்சுத் தொழில் எனச் சிறு நிறுவனங்கள் நம்மைச் சுற்றி ஏராளமாக உள்ளன. அவற்றில் பலவற்றின் வலைத்தளங்கள் கைபேசியில் ஒழுங்காகத் திறப்பதுகூட இல்லை. அப்படி ஒரு நிறுவனத்தை அணுகி, குறையைப் பணிவுடன் சுட்டிக்காட்டி, செய்யவேண்டிய பணி, எத்தனை முறை திருத்தித் தரப்படும், முடித்துத் தரும் நாள், கூலி ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் பெற்று, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு தொடங்குவதே முறையானது. பழகுவதற்காக இலவசமாகச் செய்துகொடுக்கலாம் என்னும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. காசு கொடுக்காதவர் கருத்துச் சொல்லவும் அக்கறை காட்டுவதில்லை.

வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணமோ காப்புத்தொகையோ கேட்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. டேட்டா என்ட்ரி வேலை கொடுத்துவிட்டு, பிழை இருப்பதாகக் கூறி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்களும் உண்டு. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

2022ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே மாணவர்கள் பல திறன்களைக் கற்கிறார்கள். மாவட்டத் தொழில் மையங்கள் மூலம் உள்ளூர்ச் சிறு நிறுவனம் ஒன்றுக்குக் கூலி பெற்றுப் பணி செய்துகொடுக்கும் வாய்ப்பை, பயிற்சி முடியும் முன்பே ஒவ்வொரு மாணவருக்கும் ஏற்படுத்தித் தருமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கரூர்.