லீஸ்டு லைனில் பூட்டு இல்லை: மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே ஐ.டி. பொறுப்பில் இருக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் நெட்வொர்க் வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் உங்கள் சர்வர் அறைகளில்தான் கழிந்தது. இன்று உங்களில் பலரிடம் இருக்கும் ஏற்பாடு எனக்குப் பழக்கமானது. நோயாளிப் பதிவும் பில்லிங்கும் உள்ளே, சொந்த சர்வரில். ஸ்கேன் படங்களும் பேக்கப்பும் வெளியே, பப்ளிக் கிளவுடில். உள்ளே ஃபயர்வால் வாங்கிவிட்டீர்கள். வெளியே கிளவுட் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் தகவல் போகிற வழியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் லைன் இழுக்கிறது என்று கூப்பிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல், ரௌட்டருக்கு வெளிப்பக்கம் இருந்த ஸ்விட்சில் மிரர் போர்ட் போட்டு (ஓடுகிற தகவலின் நகலைத் தருகிற வழி அது), லேப்டாப்பைச் செருகி, பாக்கெட்டுகளை, அதாவது லைனில் துண்டு துண்டாகப் போகிற தகவலை, பிடித்தேன். லேபிலிருந்து கிளவுடுக்குப் போகிற ரிசல்ட் எழுத்து எழுத்தாகத் திரையில் விழுந்தது. ஒரு பெண்ணின் பெயர், பிறந்த தேதி, தெரு, போன் நம்பர். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நெட்டுக்கோடு. நாலைந்து வரி கீழே எச்.ஐ.வி. பரிசோதனை, பக்கத்திலேயே அதன் முடிவு. நான் எந்தப் பாஸ்வேர்டையும் உடைக்கவில்லை. உடைக்க அங்கே ஒன்றுமே இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன். அந்தத் தெரு எனக்குத் தெரிந்த தெரு.

மறுநாள் இதைச் சொன்னபோது கிடைத்த பதிலை அதற்குப் பிறகு வேறு இடங்களிலும் கேட்டுவிட்டேன்: "சார், இது லீஸ்டு லைன். இன்டர்நெட்டே இல்லையே."

இந்த நம்பிக்கையைத்தான் முதலில் விடச் சொல்கிறேன். லீஸ்டு லைன் என்பது ஒதுக்கித் தந்த பாதை, அவ்வளவுதான். உங்கள் கட்டடத்தை விட்டு வெளியேறியதும் அது டெலிகாம் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது, பிறகு இன்னொருவருடைய டேட்டா சென்டருக்கு, அதற்குப் பிறகுதான் கிளவுடுக்கு. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் கேபிளைத் தொடமுடியும். கிளவுடுக்குத் தனி லைன் தருகிற அமேசானின் டைரக்ட் கனெக்ட், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பிரஸ்ரூட் இரண்டிலுமே, தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் லைனில் என்கிரிப்ஷன், அதாவது தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது, கிடையாது. கம்பெனிகளே இதைத் தங்கள் ஆவணங்களில் சொல்கின்றன. விலைப் பட்டியலோடு வருகிற சேல்ஸ் ஆள் சொல்வதில்லை.

கூகுளுக்கே இது நடந்திருக்கிறது. கூகுளும் யாஹூவும் தத்தம் டேட்டா சென்டர்களை இணைக்க வைத்திருந்த தனி ஃபைபர் லைன்களிலிருந்து அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. தகவலை எடுத்துக்கொண்டிருந்தது என்று 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. பயனாளரிடமிருந்து கூகுளின் வாசல் வரை என்கிரிப்ஷன் இருந்தது. வாசலில் அதை அவிழ்த்து, சொந்த லைன்தானே என்று உள்ளே திறந்தபடி அனுப்பினார்கள். அந்த இடத்தைச் சுட்டி உளவு அமைப்பின் படத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார்கள். டேட்டா சென்டர்களுக்கு நடுவிலான லைன்களையும் என்கிரிப்ட் செய்யும் வேலையைக் கூகுள் அந்த வருடமே, இந்தச் செய்தி வருவதற்குச் சில மாதம் முன்பே, முடுக்கிவிட்டிருந்தது.

உங்கள் நிலைமை இன்னும் பலவீனமானது. லேப் ரிசல்ட்டைச் சுமக்கிற எச்.எல்.7-இன் பழைய வடிவமும், ஸ்கேன் படத்தைச் சுமக்கிற டைகாமும் ஒரே கட்டடத்துக்குள் மெஷினும் மெஷினும் பேசிக்கொள்வதை மனதில் வைத்து வந்தவை. பூட்டு அவற்றோடு தானாக வராது. டைகாமை டி.எல்.எஸ்.ஸுக்குள், அதாவது இரு முனைகளும் தகவலைப் பூட்டிப் பேசிக்கொள்கிற முறைக்குள், அனுப்ப வழி இருக்கிறது, அதற்கென்று 2762 என்ற போர்ட்டே (மெஷினில் தகவல் நுழைகிற வாசல் எண்) உண்டு. ஆனால் நான் பார்த்த மெஷின்களில் பெரும்பாலானவை இன்னும் பூட்டில்லாத பழைய 104-இல்தான் ஓடுகின்றன. மெஷினை மாட்டிய அன்று இன்ஜினியர் எதை வைத்துவிட்டுப் போனாரோ அதுவே நிற்கிறது.

செலவு பெரிதல்ல. லைனிலேயே என்கிரிப்ட் செய்கிற மேக்செக், இந்தக் கிளவுட் கம்பெனிகளிடம் 10 கிகாபிட்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய இணைப்புகளுக்குத்தான் கிடைக்கும். உங்கள் 100 எம்.பி. லைனுக்கு வராது. ஆனால் அதே லைனுக்குள் ஐபிசெக் டனல், அதாவது எல்லாத் தகவலும் பூட்டப்பட்டுப் போகிற ஒரு குழாய், போடலாம். உங்களிடம் இருக்கிற ஃபயர்வாலே அநேகமாக அதைச் செய்யும். டனலோடு நிறுத்திவிடாமல், உள்ளே அப்ளிகேஷனிலும் டி.எல்.எஸ். வையுங்கள். டனல் ரௌட்டரோடு முடிந்துவிடுகிறது. தகவல் அதையும் தாண்டிப் போகிறது.

டி.எல்.எஸ். போட்டவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பேக்கப் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். எதிரே இருப்பவர் யார் என்று காட்டுகிற சர்டிஃபிகேட்டில் எரர் வந்தது என்று சரிபார்ப்பையே அணைத்து வைத்த வரி அதில் இருக்கிறதா? "இப்போதைக்கு" என்று போட்ட அந்த வரி வருடக்கணக்கில் அப்படியே கிடப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எதிரே இருப்பது உண்மையான கிளவுட்தானா என்று கேட்காமல் போடுகிற பூட்டு, சாவியை வழிப்போக்கன் கையில் கொடுப்பதற்குச் சமம். சாவி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கிளவுடுக்குள் நுழைய உதவும் பாஸ்வேர்ட் போன்ற ஆக்சஸ் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வேலையை விட்டுப் போனவர் கையில் இருந்த கீயை அன்றைக்கே ரத்து செய்யுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. வெண்டர் செய்த தவறு என்று சொல்லி ஒதுங்க அது இடம் தரவில்லை. தகவலைக் கேட்டு வாங்கியவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. ஆனாலும் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கிரெடிட் கார்டு நம்பர் திருடு போனால் பாங்க் புது கார்டு தரும். ஊருக்குத் தெரிந்துபோன எச்.ஐ.வி. ரிசல்ட்டை யாரும் மாற்றித் தர முடியாது.

உங்களிடம் கேட்பது ஒரு ராத்திரி வேலைதான். யாரிடமும் இல்லாத ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, டெஸ்ட் நோயாளி ஒருவரைப் பதிவு செய்யுங்கள். அவர் பெயரில் ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு எக்ஸ்ரே. ரௌட்டருக்கு வெளிப்பக்கம் பாக்கெட்டுகளைப் பிடித்து, அந்தப் பெயரைத் தேடுங்கள். நிர்வாகியும் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கட்டும். பெயர் கிடைத்துவிட்டால், விடிந்ததும் வெண்டருக்கு போன் போடுங்கள். டனல் போட்ட பிறகு அதே பெயரை இன்னொரு முறை தேடுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு நெட்வொர்க் பொறியாளர்